லேன் இணைப்பு விட்டு விட்டுப் போகிறதா? டெல்டா கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்தில் சின்ன நெட்வொர்க் (லேன், அதாவது கடைக்குள் கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைப்பது) என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: கல்லாவில் ஒரு பில்லிங் கம்ப்யூட்டர், உள்ளறையில் கணக்கு எழுதுபவருக்கு ஒன்று, முதலாளி மேஜையில் ஒன்று, குடோனில் ஒன்று, நடுவில் இவற்றையெல்லாம் சேர்க்கும் எட்டு போர்ட் (ஒயர் செருகும் துளை) ஸ்விட்ச், சுவரில் கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆர். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, உரக்கடை, ரைஸ் மில், இ-சேவை மையம், பள்ளி ஆய்வகம் என்று இடம் மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. இந்த இடங்களுக்கு ஒயர் இழுத்துப் பராமரிப்பது என் தொழில். போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நெட் அடிக்கடி கட் ஆகிறது. கனெக்‌ஷன் கொடுத்தவர்களிடம் புகார் சொல்லலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இண்டர்நெட் போவது வேறு, கடைக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டருக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு போவது வேறு. கல்லாவில் பில் போடும்போது உள்ளறை சர்வர் (கணக்கு ஃபைல்கள் இருக்கும் கம்ப்யூட்டர்) கிடைக்கவில்லை என்று திரை நின்றால், வெளியிலிருந்து வரும் ஃபைபருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டையும் "நெட் போச்சு" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் புகார் தப்பான ஆளிடம் போய், அவர் வந்து மோடத்தை மட்டும் பார்த்துவிட்டு "எங்க பக்கம் லைன் ஓகே" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். சிஎம்டி என்ற கறுப்பு ஜன்னலை மூன்று முறை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ரவுட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் சர்வர் கம்ப்யூட்டருக்கு, மூன்றாவதில் கூகுளின் 8.8.8.8-க்குப் பிங் (ping, பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் டி எழுத்தும் (-t) சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது மட்டும் நின்றால் தாராளமாகப் புகார் கொடுங்கள். ரவுட்டர் பதில் தருகிறது, சர்வர் மட்டும் தரவில்லை என்றால் சர்வருக்குப் போகும் ஒயரையும் சர்வரையும் பாருங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் நின்றால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவிலோ, அந்த ஸ்விட்ச்சிலேயோ இருக்கிறது.

சரி, கடைக்குள்தான் கோளாறு. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து. ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்க விடுங்கள். கட் ஆகும் ஒவ்வொரு தடவையும் மணி என்ன, எந்தெந்த மெஷின் போயிற்று, ஸ்விட்ச்சில் அந்த ஒயரின் விளக்கு எரிந்ததா அணைந்ததா, தானாக வந்ததா, நீங்கள் ஏதாவது செய்து வந்ததா என்று எழுதச் சொல்லுங்கள். கடைப் பையன் எழுதினால் போதும், கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு ஒயர் சோதிக்கும் டெஸ்டரைவிட இந்த நோட்டு பெரிய உதவி. ஏனென்றால் விட்டு விட்டு வரும் கோளாறு, ஆள் வந்து நிற்கும்போது மட்டும் வராது.

அந்தக் குறிப்பில் நான் முதலில் பார்ப்பது விளக்கைத்தான். கட் ஆன நேரத்தில் ஸ்விட்ச் விளக்கு அணைந்திருந்தால் ஒயர், கனெக்டர், போர்ட், கரண்ட் இந்த நான்கில் ஒன்று, அல்லது கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு (லேன் ஒயர் செருகும் பகுதி) தூங்கிப்போயிருக்கிறது. மற்ற செட்டிங்கை நோண்ட வேண்டிய அவசியமே இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பேச்சு இல்லை என்றால் ஐபி மோதல் (இரண்டு மெஷினுக்கு ஒரே நெட்வொர்க் எண்), சுற்று (ஒயர் அதே ஸ்விட்ச்சுக்கே திரும்பி வருவது), சர்வர், ஆன்டிவைரஸ் என்று வேறு பக்கம் போக வேண்டும். இந்த ஒரு பிரிவினை செய்யாமல் விண்டோஸை ஃபார்மட் அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

நோட்டு எழுத ஆள் இல்லையென்றால் விண்டோஸே ஒரு நோட்டு வைத்திருக்கிறது. ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறங்கள். இன்டெல் கார்டாக இருந்தால் ஒயர் தொடர்பு அறுந்த ஒவ்வொரு முறையும் 27 என்ற எண்ணோடு நேரம் பதிவாகியிருக்கும். ஐபி மோதல் என்றால் 4199 என்ற எண்ணில் இருக்கும்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் போகிறது, மற்றவை நன்றாக ஓடுகின்றன.

இது நல்ல செய்தி. ஸ்விட்ச்சில் அந்த ஒயரைக் கழற்றி, நன்றாக ஓடும் வேறொரு மெஷினின் போர்ட்டில் போடுங்கள். அதன் ஒயரை இங்கே போடுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கோளாறு போர்ட்டோடு தங்கினால் ஸ்விட்ச், ஒயரோடு நகர்ந்தால் ஒயர் அல்லது கம்ப்யூட்டர். அப்புறம் ஒயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் சரியாகிவிடலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி வரும்போது மறுபடி மூன்றையும் வாங்க வேண்டும்.

பெரும்பாலும் குற்றவாளி கனெக்டர்தான். கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறதா? உடைந்தால் மேஜையை லேசாக இடித்தாலே வெளியே நழுவும். வெளி உறை கனெக்டருக்குள் நுழையாமல், உள்ளே இருக்கும் எட்டு இழையும் வெளியில் தெரிகிறதா? அப்படியானால் ஒயரின் எடை முழுவதும் அந்தச் சன்னமான இழைகளில் தொங்குகிறது. பெருக்கும்போது துடைப்பம் பட்டால்கூட அசையும். வெட்டிப் புதுக் கனெக்டரை அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்). பத்து நிமிஷ வேலை.

டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. அப்படியும் கட் ஆகிறதே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அந்தச் சின்ன டெஸ்டர் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த முனையின் 1, அந்த முனையின் 1-க்குப் போகிறது, 2, 2-க்குப் போகிறது. எந்த இழை எதோடு முறுக்கிக்கொண்டு போகிறது என்பதை அது பார்ப்பதே இல்லை.

லேன் ஒயருக்குள் இழைகள் ஜோடி ஜோடியாக முறுக்கப்பட்டிருப்பது அழகுக்கு அல்ல. ஜோடியின் இரண்டு இழையிலும் சிக்னல் எதிரெதிராக ஓடுவதால்தான் வெளியிலிருந்து வரும் இரைச்சல் கழிந்துபோகிறது. கனெக்டரில் 1, 2 ஒரு ஜோடி. 3, 6 ஒரு ஜோடி. 4, 5 ஒரு ஜோடி. 7, 8 ஒரு ஜோடி. மூன்றும் ஆறும் ஜோடி என்பதுதான் இதில் வழுக்கும் இடம். புதிதாகப் பழகுபவர் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று இரண்டிரண்டாக வரிசையில் அடுக்கி இரண்டு முனையிலும் அதையே அடித்துவிடுவார். டெஸ்டர் எட்டு விளக்கும் காட்டும். ஆனால் மூன்றாவதும் ஆறாவதும் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்த இழைகளாகிவிட்டன. ஒயர் இரண்டு மீட்டர் என்றால் ஓடிவிடும். இருபது, முப்பது மீட்டர் போனால் காலையில் ஓடும், பெரிய ஃபைலை அனுப்பினால் திணறும், பக்கத்தில் மோட்டார் ஓடினால் விழுந்துவிடும்.

சரியான வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. கிளிப் கீழே இருக்கும்படி, ஒயர் உங்கள் பக்கமும் தங்க நிறப் பற்கள் உள்ள முனை எதிர்ப்பக்கமும் இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக இந்த வரிசை வர வேண்டும். இரண்டு முனையிலும் இதே. முறுக்கைப் பிரிப்பதும் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

கூடவே ஒன்று பாருங்கள். நெட்வொர்க் கார்டின் ஸ்டேட்டஸில் வேகம் என்ன காட்டுகிறது? கார்டும் ஸ்விட்ச்சும் இரண்டும் கிகாபிட்டாக இருந்தும் 1000-க்குப் பதில் 100 (Mbps) என்று காட்டினால் நான்கு ஜோடியில் ஒன்று சரியில்லை என்று பொருள். 100-க்கு 1, 2, 3, 6 மட்டும் போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். வேகம் 1000-க்கும் 100-க்கும் இடையே மாறி மாறிப் போனால் அந்த மாறும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒரு "கட்".

ரைஸ் மில்லில் மோட்டார் போட்டதும் ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் போகிறது. ஏன்?

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து மில் முழு மூச்சில் ஓடும்போது இந்த போன் வரும். இரண்டு காரணங்களில் ஒன்று, சில இடங்களில் இரண்டும்.

முதலாவது வோல்டேஜ். பெரிய மோட்டார் கிளம்பும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் வோல்டேஜ் இறங்கி ஏறும். டியூப்லைட் சிமிட்டுவதில் தெரியும். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஸ்விட்ச்சின் அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருப்பார்கள். ஸ்விட்ச் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். மறுபடி எல்லா விளக்கும் வருவதற்குள் பில்லிங் மென்பொருள் சர்வரைக் காணோம் என்று கைவிரித்துவிடும். ஸ்விட்ச்சையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டு மோட்டாரைப் போட்டுப் பாருங்கள். பாதி மில்களில் கதை அங்கேயே முடியும்.

முடியவில்லையென்றால் ஒயர் போகும் வழியைத் தொடர்ந்து நடந்து பாருங்கள். மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸ் கேபிளோடு ஒரே பைப்பில், ஒரே கேசிங்கில் லேன் ஒயரையும் சேர்த்து இழுத்திருப்பார்கள், வேலை சுலபம் என்று. மின்சார ஒயரும் லேன் ஒயரும் ஒன்றாகப் போவது முதலில் பாதுகாப்புக்கே ஆகாது, கோளாறு அப்புறம். குறைந்தது ஓர் அடி தள்ளி இழுங்கள். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். வேகத்தை மாற்றும் டிரைவ் வைத்த மோட்டார் என்றால் இரைச்சல் இன்னும் அதிகம். அங்கே ஆபீஸிலிருந்து எடைமேடை வரை ஃபைபர் போட்டுவிடுவதே நிம்மதி.

தவிட்டுத் தூசியையும் மறக்க வேண்டாம். காலியாக இருக்கும் போர்ட்டுகளுக்குள் மெல்லிய தூள் இறங்கி, ஈரப்பதம் சேர்ந்து பிசினாக ஒட்டும். ஸ்விட்ச்சை மூடிய பெட்டிக்குள் சுவரில் உயரமாக வையுங்கள், காலி போர்ட்டுகளுக்கு மூடி போடுங்கள்.

குடோன் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. எவ்வளவு தூரம் வரை ஒயர் இழுக்கலாம்?

புத்தகக் கணக்கு 100 மீட்டர். அதில் சுவருக்குள் போகும் ஒயர் 90, இரு முனையிலும் தொங்கும் பேட்ச் கார்டுகள் சேர்த்து 10. ஆனால் இந்தக் கணக்கு சுத்தச் செம்புக்கு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல ஒயர்கள் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசியவை. அவற்றின் மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வளைத்தால் சீக்கிரம் ஒடியும். இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கும்போதே எடை காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒயரில் கேமராவுக்குக் கரண்டும் சேர்த்து அனுப்பினால் தொல்லை இரட்டிப்பு.

சாலை கடப்பதில் தூரத்தைவிடப் பெரிய சிக்கல் இடி. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே செம்பு ஒயர் தொங்கினால் சித்திரைக் கோடைமழை இடியும் ஐப்பசி மழை இடியும் அதைத்தான் தேடி வரும். நேரடியாக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே ஒயரில் மின்னழுத்தம் ஏறிப் போர்ட்டைச் சுட்டுவிடும். போர்ட் முழுதாகச் செத்தால்கூடத் தேவலாம்; பாதி செத்து விட்டு விட்டு ஓடும் போர்ட்தான் மாதக்கணக்கில் அலைக்கழிக்கும். அதோடு இரண்டு கட்டிடத்தின் எர்த்தும் ஒரே அளவில் இருக்காது. அதனால் கட்டிடம் விட்டுக் கட்டிடம் போவதென்றால் நான் செம்பு இழுப்பதில்லை. மின்சாரம் கடத்தாத ஃபைபரும், இரு முனையிலும் அதை லேன் ஒயரோடு சேர்க்கும் மீடியா கன்வெர்ட்டர் பெட்டியும்தான். தொங்கவிடும் டிராப் கேபிளில் இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும். கன்வெர்ட்டர் இருக்கும் பெட்டிக்குள் அந்தக் கம்பி வராமல் வெளியிலேயே ஒதுக்கி வெட்டிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபைபர் போட்டதன் பலன் பாதியாகிவிடும்.

மழை பெய்தால் மட்டும் கட் ஆகிறது.

வெளியே போகும் ஒயரின் உறையைத் தொட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறப் பிவிசி ஒயரை மொட்டைமாடியில் ஓட்டியிருந்தால், சில கோடையில் உறை வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, ஒயருக்குள்ளேயே வழிந்து கனெக்டர் வரை வரும். வெளியில் போட வேண்டியது வெயில் தாங்கும் கறுப்பு உறை ஒயர். சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கஜா புயல் 2018 நவம்பரில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து போனபின், கிடைத்த ஒயரை முறுக்கி டேப் சுற்றி அவசரத்துக்கு இணைத்த ஒட்டுகளை இன்னும் சில கூரைகளில் பார்க்கலாம். அன்றைக்கு அது தேவை. இன்றைக்கு முழு ஒயரையும் மாற்றிவிடுங்கள்.

நாங்கள் கடற்கரைப் பக்கம். கனெக்டரில் பச்சை படிகிறதே?

உப்புக்காற்று. நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கமெல்லாம் இதே கதைதான். மலிவான கனெக்டரில் தங்கப்பூச்சு பேருக்குத்தான் இருக்கும். சீக்கிரம் களிம்பு ஏறும். கழற்றி மறுபடி செருகினால் உரசலில் சரியாகும், ஒரு வாரத்தில் திரும்ப வரும். அந்த அடையாளம் கண்டால் கனெக்டரை வெட்டி எறியுங்கள். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், இருக்கும் பூச்சும் போய்விடும்.

எலி?

ஆமாம். கேசிங்கை மூடி வையுங்கள், நெல் மூட்டைக்குப் பின்னால் ஒயர் போகாமல் பாருங்கள். ஒயரைக் கடித்த இடத்தில் டேப் சுற்றுவது தீர்வல்ல.

திடீரென்று எல்லா கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. ஸ்விட்ச் விளக்குகள் எல்லாம் படபடவென்று ஒன்றாக அடிக்கின்றன.

சுற்று. ஒரு ஸ்விட்ச்சிலிருந்து கிளம்பிய ஒயர் எங்கோ சுற்றி அதே ஸ்விட்ச்சுக்கே திரும்பி வந்திருக்கிறது. மேஜைக்கடியில் ஒரு முனை சும்மா தொங்குகிறதே என்று யாரோ நல்லெண்ணத்தில் செருகியிருப்பார். எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் செய்தி அந்த வளையத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த லைனையும் அடைத்துவிடும். சாதாரண ஸ்விட்ச்சுக்கு இதைக் கண்டுபிடித்து நிறுத்தும் அறிவு கிடையாது. ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதை எடுத்ததும் விளக்குகள் அமைதியாகின்றனவோ அதுதான். பள்ளி ஆய்வகங்களில் இது அடிக்கடி நடக்கும். ஒயரின் இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டினால் பெரும்பாலும் வராது.

கேமரா மாட்டிய பிறகுதான் இந்தத் தொல்லை. கேமராக்காரர் தன் தப்பு இல்லை என்கிறார்.

டிவிஆரின் ஐபி எண்ணைப் பாருங்கள். போனில் கேமரா பார்ப்பதற்காக அதற்கு நிலையான எண் ஒன்றை, உதாரணமாக 192.168.1.100 என்று, கொடுத்துவிட்டுப் போயிருப்பார். ரவுட்டரோ 100-லிருந்து மேலே உள்ள எண்களை வருகிற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தானாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாள் கல்லா கம்ப்யூட்டருக்கும் அதே 100 விழும். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால் எங்கே போகும்? கொஞ்ச நேரம் இங்கே, கொஞ்ச நேரம் அங்கே. டிவிஆர், சர்வர், பிரிண்டர் ஆகியவற்றுக்கு ரவுட்டர் பங்கிடும் எல்லைக்கு வெளியே எண் கொடுங்கள். எழுதி ஸ்விட்ச் பெட்டியில் ஒட்டுங்கள்.

கம்ப்யூட்டரின் ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எண்ணே வரவில்லை என்று பொருள். வழக்கத்துக்கு மாறான எண் வந்தால், யாரோ பழைய வைஃபை ரவுட்டரை அதன் லேன் போர்ட் வழியாக உங்கள் ஸ்விட்ச்சில் செருகியிருக்கிறார்கள், அதுவும் தன் பங்குக்கு எண் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் எண் பங்கிடும் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் சர்வர் டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கிறது.

அதைத் திறந்தால் உடனே திறக்கிறதா? திறந்தால் கோளாறே இல்லை. பதினைந்து நிமிஷம் சும்மா இருக்கும் தொடர்பை விண்டோஸ் சர்வர் பக்கம் தானாகத் துண்டிக்கும். தேவைப்படும்போது மறுபடி இணைக்கும். சில பழைய கணக்கு மென்பொருள்களுக்கு மட்டும் இது ஒத்துவராது, அந்தக் காத்திருப்பு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

திறக்கவே இல்லையென்றால், கார்டு தூங்கிவிட்டதா என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்று ஒன்று அட்வான்ஸ்டு பக்கத்தில் இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். பழைய ஸ்விட்ச்சோடு அதற்கு ஒத்துப்போகாத கார்டுகள் உண்டு. இன்னொன்று, சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 போட்ட கம்ப்யூட்டரைச் சர்வராக வைத்திருந்தால் ஒரே சமயத்தில் 20 தொடர்புக்கு மேல் ஏற்காது.

வேகத்தை 100 ஃபுல் டியூப்ளெக்ஸ் என்று கையால் நிறுத்திவைத்தால் நிலையாக இருக்கும் என்கிறார்களே?

வேண்டாம். உங்கள் பக்கம் கையால் நிறுத்தினால் ஸ்விட்ச் பக்கம் வேகத்தை மட்டும் கண்டுபிடிக்கும், டியூப்ளெக்ஸைக் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசுவதா, மாறி மாறியா என்பதை) கண்டுபிடிக்க முடியாமல் அரை டியூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் அழகாக ஓடும், பெரிய ஃபைல் நகராது. இரு பக்கமும் ஆட்டோவிலேயே இருக்கட்டும். ஆட்டோவில் நிற்காத ஒயர் என்றால் ஒயரைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்விட்ச்சையே புதிதாக வாங்கிவிட்டால்?

முதலில் அடாப்டரை மாற்றுங்கள். கையில் தொட்டால் சுடுகிறது, ஸ்விட்ச் விளக்குகள் மங்கி மங்கி வருகின்றன என்றால் சந்தேகமே வேண்டாம். வோல்ட் எண் அச்சு அசலாக அதே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதிகமோ இருக்கலாம், குறையக் கூடாது. அதற்கும் சரியாகவில்லையென்றால் தாராளமாகப் புது ஸ்விட்ச்.

இவ்வளவு தொல்லைக்கு ஒயரே வேண்டாமே, வைஃபைக்கு மாறிவிடலாமா?

போனுக்கும் லேப்டாப்புக்கும் மாறுங்கள். கல்லாவுக்கும் சர்வருக்கும் வேண்டாம். கும்பகோணம் பெரிய தெருவில் கூரை வரை எவர்சில்வரும் பித்தளையும் அடுக்கிய கடையில் வைஃபை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்கட்டில் நாலு கோடு காட்டும், இரண்டு வரிசை அண்டா தாண்டினால் ஒன்றும் காட்டாது. தீபாவளி சரக்கு வந்து இறங்கினால் முன்கட்டிலும் குறையும்.